மூடியைத் திருகியவன்

சரக்குக் கப்பலில் ஹேட்ச், அதாவது சரக்கறையின் வாய், ஒழுகினால் முதல் சந்தேகம் ரப்பர் மேல்தான் விழும். மூடியின் அடிவிளிம்பில் ஓடும் ரப்பர் பேக்கிங், கீழே நிற்கும் இரும்பு வரம்பின் மீது அமுங்கி உட்கார வேண்டும். வருஷக்கணக்கில் அமுங்கிய ரப்பர் ஒரு கட்டத்துக்குப் பிறகு எழும்பாது; வரம்பின் தடம் அதில் நிலையாகப் பதிந்துவிடும். அப்போது முழு நீளத்துக்கும் மாற்ற வேண்டும். கப்பலிலோ ஒழுகிய இடத்தில் மட்டும் ஒரு துண்டு ஒட்டுவதுதான் வழக்கம், ஏனென்றால் அடுத்த துறைமுகம் நெருங்கிவிட்டது. புதுத் துண்டு பழைய ரப்பரைவிட உயரமாக நிற்கும். மூடி அதன் மேல் ஏறி உட்கார, பக்கத்தில் இதுவரை ஒழுகாத இடம் ஒழுகத் தொடங்கும்.

இன்னொரு வைத்தியம், கிளீட்டுகளை முடிந்தமட்டும் இறுக்குவது. கிளீட்டின் வேலை ஆட்டத்தில் மூடி எழும்பாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. மூடியின் பாரம் இறங்கவேண்டியது விளிம்பிலுள்ள இரும்புத் தாங்குகட்டைகளில். அவை தேய்ந்திருந்தால் பாரம் ரப்பருக்குப் போகும். எத்தனை ரப்பர் மாற்றினாலும் நசுங்கிக்கொண்டே இருக்கும். சில மில்லிமீட்டர் இரும்பை வெல்டிங் வைத்துச் சீராக்கினால் தீரும் காரியம் அது. ஆனால் வெல்டிங்குக்கு அனுமதி வேண்டும், செலவு வேண்டும். இறுக்குவதற்கு ஓர் ஆள் போதும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கும் முறைகளில் குறையில்லை. வரம்பில் சாக்பீஸ் தடவி மூடி, தடம் ரப்பரில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். இப்போது சரக்கறைக்குள் அல்ட்ராசோனிக் கருவி ஒன்றை வைத்து, வெளியே ஒலி கசிகிறதா என்றும் கேட்கிறார்கள். சிமென்ட், சர்க்கரை, அரிசி ஏற்றும்போது இந்தச் சோதனைகள் பக்தியோடு நடக்கும். அந்தச் சரக்குக்கு உரிமையாளர் இருக்கிறார், நனைந்தால் இழப்பீடு கேட்பார். இரும்புத்தாதுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

'டெர்பிஷைர்' என்ற கப்பல் ஏற்றிப் போனது இரும்புத்தாதுதான். கனடாவிலிருந்து ஜப்பானின் கவாசாகிக்கு, சுமார் 1,57,000 டன். 1976இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட கப்பல். நீளம் 290 மீட்டருக்கு மேல். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே 'ஆர்கிட்' சூறாவளியில் சிக்கி, ஓர் அபாய அழைப்புகூட அனுப்பாமல் மறைந்தது. 44 பேர் போனார்கள்; அவர்களில் இருவர் கப்பல்காரர்களோடு பயணம் செய்த மனைவியர். முறையான விசாரணை தொடங்கவே 1987 ஆனது. அதுவும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பல் அயர்லாந்துக் கரையில் உடைந்த பிறகு. 1989இல் வந்த முடிவு, இயற்கையின் சக்திகள் கப்பலை மூழ்கடித்திருக்கலாம் என்பது. இயற்கை மேல்முறையீடு செய்யாது. இறந்தவர்களின் குடும்பங்கள் செய்தன. 1994இல் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கொடுத்த பணத்தில் தேடி, நான்கு கிலோமீட்டருக்கும் ஆழத்தில் கிடந்த சிதைவைக் கண்டுபிடித்தார்கள். கப்பலை இழந்த நாட்டின் அரசு, ஐரோப்பிய ஆணையத்தோடு சேர்ந்து பெரிய அளவில் படமெடுக்க முன்வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களில், நிபுணர்களின் கண் முன்தளத்தில் ஒரு சிறு துளையில் நின்றது. போசன் ஸ்டோர் என்று சொல்லும், கயிறும் பெயின்டும் வைக்கும் அறைக்கு இறங்கும் வாசல் அது. மூடியைக் காணோம், உள்ளேயிருந்து கயிறு வெளியே நீண்டு கிடந்தது. மாலுமிகள் அந்த மூடியைச் சரியாகத் திருகி மூடவில்லை, தண்ணீர் அங்கேதான் முதலில் புகுந்தது என்று 1998இல் அறிக்கை சொன்னது. இயற்கைக்கு அடுத்த இடத்தில், தளத்து மாலுமிகளின் மேஸ்திரியான போசனை நிறுத்தியாகிவிட்டது. கப்பலை வரைந்தவர், கட்டியவர், விதி எழுதியவர் எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்திருக்க வேண்டும்.

மறுவிசாரணை நடத்திய நீதிபதி கோல்மன் 2000ஆம் ஆண்டு நவம்பரில் அந்த அறிக்கையின் முடிவை ஏற்க மறுத்தார். மாலுமிகள் மேல் பிழையில்லை என்றார். அவர் கண்ட வரிசை வேறு. முன்தளத்துக் காற்றுக்குழாய்களையும் வென்டிலேட்டர்களையும் அலைகள் பிய்த்தெறிந்தன. அந்தத் துளைகள் வழியாக மூக்குப் பகுதியில் மணிக்கணக்காகத் தண்ணீர் சேர்ந்தது. மூக்கு தாழத் தாழ, முதல் சரக்கறையின் மூடிமேல் விழும் அலையின் பாரம் கூடியது. அந்த மூடி உள்ளே நொறுங்கியதும் மற்றவை தொடர்ந்தன. கப்பலைச் செலுத்தும் பாலம் இருந்ததோ பின்கோடியில். அந்தக் கடலில் முன்தளத்துக்கு யாரையும் அனுப்பியிருக்க முடியாது.

1966ஆம் ஆண்டின் சர்வதேசச் சுமைக்கோட்டு ஒப்பந்தத்தின்படி, முன்பக்க ஹேட்ச் மூடி சதுர மீட்டருக்கு 1.75 டன் பாரம் தாங்கினால் போதும். கணக்குப் போட்டால், அதன் மேல் கடல்நீர் ஓர் ஆள் உயரத்துக்கு அசையாமல் நிற்பதற்குச் சமம். சூறாவளியில் கடல் அசையாமல் நிற்பதில்லை என்று மாலுமிகளுக்குத் தெரியும். விதியை எழுதிய மேசைகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க 44 பேரும், இருபது வருஷமும் தேவைப்பட்டன. மூடிகளின் பலமும் முன்தளக் குழாய்களின் பலமும் பிறகு விதிகளில் கூட்டப்பட்டன. சரக்கறையில் தண்ணீர் ஏறினால் பாலத்தில் மணி அடிக்க வேண்டும் என்ற விதி, சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் கப்பல்களுக்கு 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

புயல் எச்சரிக்கை வந்ததும் நிரப்பவேண்டிய படிவம் இன்றும் உண்டு. முன்தள ஹேட்ச்கள் மூடி இறுக்கப்பட்டனவா என்று அதில் ஒரு வரி இருக்கும், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கும். எவ்வளவு உயரத் தண்ணீருக்காக அந்த மூடி செய்யப்பட்டது என்பதற்குக் கட்டம் கிடையாது. அது போசனைக் கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை.