திருச்சுழிப் பையனின் கேள்வி

அருப்புக்கோட்டைப் பக்கம், குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்தவன் வேங்கடராமன். ஒருமுறை கேட்டால் பாடம் மனதில் நிற்கும்; ஆனால் புத்தகத்தில் நாட்டம் கிடையாது. கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்றால் உயிர். 12 வயதில் தந்தையை இழந்து, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான்.

1896-இல், 16 வயதில், திடீரென்று மரண பயம் அவனைப் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, இந்த உடம்பு போனால் நானும் போய்விடுவேனா என்று தனக்குள்ளேயே தேடினான். அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

அப்படி ‘நான்’ யார் என்று தேடியவர், சுகம்தான் நம் இயல்பு என்றார். அதற்கு அவர் காட்டிய சாட்சி, தினமும் நாம் தூங்கும் தூக்கம். கையில் எதுவும் இல்லாமலே அப்போது சுகமாக இருக்கிறோம். யோசித்துப் பார் தம்பி, யோசித்துப் பார் தங்கச்சி: அந்த நேரத்தில் உன் மார்க் எங்கே? நிறம் எங்கே? போனில் விழுந்த லைக் எங்கே?

இந்தச் சுகத்தைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். படிப்பை விடவும் வேண்டாம். கறுப்பு, குட்டை, மக்கு என்று யாராவது சொன்னால், அது சொன்னவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அதை உன் பெயராக எழுதிக்கொள்ளாதே. திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள். மகிழ்ச்சியை மட்டும் ரிசல்ட் வரும் நாள்வரை தள்ளி வைக்காதே.