விசுவாசத்தை யார் நிறுப்பது?

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். பேர் இல்லை, ஊர் இல்லை. அவன் மகன் கண்ட இடத்தில் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், உடம்பு விறைத்துப்போகிறது. பலமுறை தீயிலும் தண்ணீரிலும் விழுந்து எழுந்தவன். சீஷர்களிடம் கொண்டுபோய்க் காட்டியாயிற்று, அவர்களால் ஆகவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த இயேசு, பையனைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது?

நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் நாங்களும் அதைத்தான் முதலில் கேட்போம். எத்தனை வருஷமாகச் சுகர், எத்தனை வருஷமாக பிரஷர், கால் வீக்கம் எப்போதிலிருந்து. அந்தக் கேள்வியைக் கேட்டதும் கூட வந்தவர்களின் முகம் மாறும். யாரோ ஒருவர் தங்கள் கதையைக் கேட்க உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்ததும், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். அந்தத் தகப்பனும் அப்படித்தான் கொட்டுகிறான். சிறு பிள்ளையிலிருந்தே இப்படித்தான் என்கிறான். கடைசியில், உம்மால் ஏதாவது முடியுமானால் உதவி செய்யும் என்கிறான். "முடியுமானால்" என்று ஆண்டவரின் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷன் அவன்.

இயேசு அப்போது விசுவாசத்தைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்றார். அதற்கு அந்தத் தகப்பன் அழுதுகொண்டு சொன்ன பதில், வேதத்தில் நான் பார்த்த ஜெபங்களிலேயே நேர்மையானது. தான் விசுவாசிப்பதாகச் சொல்கிறான். அதே மூச்சில், தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்கிறான். பாதியோடுதான் வந்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டவனை, மீதியையும் சேர்த்துக்கொண்டு வா என்று ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. பையன் அன்றே சுகமானான்.

எங்கள் பிரிவுக்குத் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னால் அவர் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். இரத்தம் பாய்கிற அதிர்வு விரல் நுனியில் தெரியும். ஒரு நாள் ஊசி ஏற்றி, குழாயைப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"சிஸ்டர், நேத்து வீட்டுக்கு ஜெபிக்க வந்திருந்தாவ. சுகம் ரெடியா இருக்காம், என் பக்கம்தான் தடையாம். விசுவாசம் பத்தலைங்காவ. ராத்திரி பூரா யோசிச்சேன். எங்கிட்ட இருக்கது இவ்வளவுதான் சிஸ்டர். இதுக்கு மேல எங்க போயி வாங்க?"

வெளியே வராந்தாவில் அவர் சம்சாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. கேட்டால், உபவாசம். "என் உபவாசம்தான் கொறைஞ்சு போச்சோ என்னமோ" என்றாள். வற்புறுத்தி ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எங்கள் பிரிவில் நோயாளியை இயந்திரத்தில் ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் எடை பார்ப்போம், எவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டும் என்று தெரிய. அந்தத் தராசு போதும். நோயாளியின் ஆத்துமாவுக்கு என்று இன்னொரு தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

இதே சம்பவத்தை மத்தேயுவும் 17ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் தனியாக வந்து கேட்கிறார்கள். விசுவாசக் குறைவு என்று ஆண்டவர் பதில் சொன்னது அவர்களைப் பார்த்து. ஜெபித்தும் பலிக்காதபோது கடிந்துகொள்ளுதல் ஜெபிக்கப் போனவர்களுக்குத்தான் கிடைத்தது, நோயாளியின் வீட்டுக்கு அல்ல. கடுகு விதையளவு போதும் என்ற பேச்சும் அங்கேதான் வருகிறது. கடுகைக் காட்டி ஆறுதலாகச் சொன்ன வார்த்தையை, அந்தக் கடுகுகூட உன்னிடம் இல்லையே என்று அடிக்கிற கோலாக மாற்றியவர்கள் நாம்.

பவுலைப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் சொன்ன யோசனை, தண்ணீரை மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்பது. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினார், அது எடுபடவில்லை. இந்த மூன்று இடத்திலும் விசுவாசக் குறைவு என்ற பேச்சே இல்லை. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர்களின் பட்டியல் இருக்கிறது. பட்டயத்துக்குத் தப்பினவர்களும் அதில் உண்டு, பட்டயத்தால் செத்தவர்களும் உண்டு. ஒரே பட்டியல், ஒரே நற்சாட்சி.

அண்ணாச்சி சுகமாகவில்லை. லெந்து காலத்தில் ஒரு விடியற்காலை வீட்டில் இறந்துபோனார். அப்படியானால் தேவனுடைய பராமரிப்பு என்று எதைச் சொல்வது? தினமும் இறப்பின் பக்கத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இந்தக் கேள்வியைச் சுற்றிப் போக வழியில்லை. ஒரு காசுக்கு விற்கிற அடைக்கலான் குருவிகளைப் பற்றி இயேசு சொன்னதை நாம் பாதியாகத்தான் கேட்கிறோம். குருவி தரையில் விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. பிதா அறியாமல் விழாது என்றார். பராமரிப்பு என்பது விழாமல் காப்பது மட்டும்தான் என்றால் சிலுவையடியில் நின்ற மரியாளுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமே இருக்காது. விழுகிற இடத்திலும் அவர் இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த நற்செய்தி. அதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதை நம்பித்தான் வேலைக்குப் போகிறேன்.

கடைசியாக வந்த நாளில் அண்ணாச்சிக்கு நான்காவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தேன். வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இருக்கீரா இல்லையான்னே தெரியல, இருந்தா இந்தக் காலைப் பாரும்" என்றார். இதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு மாற்குவின் அந்தத் தகப்பன் குரல்தான் கேட்டது. இல்லாத ஒருவரிடம் யாரும் காலைக் காட்டமாட்டார்கள்.

அவர் அடக்கத்துக்குப் பிந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், வாய் வரவில்லை. முன் வரிசையிலும் பின் வரிசையிலும் சபையார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில் நின்றதே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. தோமாவும் அப்படித்தானே இருந்தார்? காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர், எட்டு நாள் கழித்தும் மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். நம்பாதவனே வெளியே போ என்று அவரை யாரும் தள்ளவில்லை. ஆண்டவரும் பூட்டிய கதவுக்குள் அவருக்காகவே இன்னொரு தரம் வந்தார். அந்தத் தோமாதான் நம் கரைக்கு வந்து, சென்னையில் பரங்கிமலையில் உயிரைக் கொடுத்தார் என்பது நம் பாரம்பரியம்.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணத்தில், அற்ப விசுவாசி என்று ஒருவன் வருகிறான். எங்கள் நெல்லைச் சீமைக் கவிஞர் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாகப் பாடியது அந்த நூலைத் தழுவித்தான். அற்ப விசுவாசியை வழியில் மூன்று திருடர்கள் மடக்கி, தடியால் அடித்து, கைச்செலவுப் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவனிடம் இருந்த ரத்தினங்கள் மட்டும் அவர்கள் கைக்கு அகப்படவில்லை. அதை அவன் சாமர்த்தியமாக மறைத்ததாகப் பனியன் எழுதவில்லை. தேவனுடைய பராமரிப்பு என்கிறார். மீதி வழியெல்லாம் பிச்சை எடுத்து, புலம்பிக்கொண்டேதான் நடக்கிறான் அவன். ஆனாலும் பயணி பயணிதான்.

ஆகையால் வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும் சபையாருக்கு ஒரு வார்த்தை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்திருந்த எலியாவுக்கு முதலில் வந்தது போதனை அல்ல, சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விட்டார்கள். நீங்களும் அப்படிப் போங்கள். டயாலிசிஸ் நோயாளி வீட்டுக்கு இளநீர் வாங்கிப் போகாதீர்கள், அதிலுள்ள பொட்டாசியம் அவர்கள் இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று கேட்டு, பதில் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடியுங்கள். விசுவாசம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதீர்கள். அடுத்த டயாலிசிஸுக்குக் கூட வர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்கள் போங்கள்.