சுவருக்கு விலை பேசும்போது

மார்கழி பாதி கழிந்துவிட்டால் நம் ஊர்களில் பெயிண்டர்களைத் தேடி ஆள் அனுப்புவது தொடங்கிவிடுகிறது. பொங்கலுக்கு முன் வீடு வெளுக்க வேண்டும். தை பிறந்தால் திருமணம், புதுமனை புகுவிழா, பங்குத் திருவிழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர், ஆத்தூர் என எங்கும் இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன. வீட்டுக்காரர் அழைக்கிறார், பெயிண்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார், நாடாவை விரித்து அளக்கிறார், தாளில் கணக்கெழுதி ஒரு தொகை சொல்கிறார். 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்ற சொல் உடனே பிறக்கிறது. பேரம் தொடங்குகிறது.

பொய், களவு, பொறாமை எனப் பட்டியலிட்டு மனச்சான்றை ஆய்வு செய்யும் நாம், விலை பேசிய அந்த அரைமணி நேரத்தை அப்பட்டியலில் சேர்ப்பதில்லை. அது தொழில், அதில் ஆன்மிகம் எங்கே வந்தது என்பது நம் எண்ணம். ஆனால் இரு கற்களின் இடுக்கில் முளை இறுகிக் கிடப்பதுபோல, விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையே பாவம் செருகிக்கொள்கிறது என்று சீராக்கின் ஞானம் (27:2) நம்மை எச்சரிக்கிறது. அந்த இடுக்கைச் சற்று உற்றுநோக்குவோம்.

அளவும் ஆளும்

பன்னிரண்டுக்குப் பத்து அடி தரையும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களும் 440 சதுர அடி, மேற்கூரையின் உட்புறம் 120 சதுர அடி, ஆக 560. கதவும் சன்னலும் 37 சதுர அடி என்றால், அதைக் கழித்து 523 என்று எழுதலாம். சன்னல் ஓரங்களில் வண்ணம் சிந்தாமல் பூசுவதற்குப் பிடிக்கும் நேரத்தைக் கருதிச் சிலர் கழிப்பதில்லை. எம்முறையைக் கொண்டாலும் அதை முன்னதாகவே சொல்லிவிட்டால் குற்றமில்லை.

இதுவரை பள்ளிக் கணக்கு. இதற்குமேல்தான் தொழில் தெரிந்தவரின் கண் வேண்டும். பழைய சுண்ணாம்பைச் சுரண்ட எத்தனை நாள்? உப்புத்தாள் கொண்டு தேய்க்க எத்தனை நாள்? பட்டி ஒரு முறையா, இரு முறையா? பிரைமர் காயும்வரை எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும்? ஓதம் ஏறிய சுவர் எது? மாடியின் வெளிப்புறத்திற்குச் சாரம் கட்ட வேண்டுமா? சதுர அடிக் கணக்கில் சுவர் மட்டுமே தெரிகிறது. ஆள்நாள் கணக்கு போடும்போதுதான் மனிதர் தெரிகிறார்.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் இயேசு கூறினார் (லூக் 14:28-30). சீடத்துவத்தின் விலையைப் பற்றியது அவ்வுவமை. ஆயினும் அதைச் சொன்னவர் ஒரு தச்சர் (மாற் 6:3). 'இதற்கு எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வி நாசரேத்தின் தச்சுப்பட்டறையிலும் ஒலித்திருக்கும். சரியான விலையைச் சொல்வது என்பது, அந்தத் திருக்குடும்பத்தின் அன்றாடப் புண்ணியங்களில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

நியாய விலை

ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்ற கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குயினாஸ் தம் இறையியல் தொகுப்பில் எழுப்பினார். வாங்குவதும் விற்பதும் இருவரின் பொது நன்மைக்காக ஏற்பட்டவை. ஆகவே ஒருவருக்கு மட்டும் சுமையாக அமையும் விலை நீதியன்று என்பது அவரது முடிவு. அதே வேளை, நியாய விலை என்பது ஊசிமுனை போன்ற ஒரே புள்ளி அன்று. அது ஒருவகை மதிப்பீட்டில் அமைவது. எனவே சிறிது கூடினாலும் குறைந்தாலும் நீதி கெட்டுவிடாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். பேரம் பேசுவதே பாவம் என்று மனங்குழம்புவோருக்கு இது ஆறுதல்.

அவர் ஆண்ட இலத்தீன் சொல் 'எஸ்திமாசியோ'. இன்று பெயிண்டரும் கொத்தனாரும் சொல்லும் 'எஸ்டிமேட்' அதே வேரில் பிறந்தது. ஒருவரை உயர்வாக எண்ணுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினதே. நம் தமிழிலும் மதிப்பிடுவதும் மதிப்பதும் ஒரே வேர்ச்சொல்லின் இரு கிளைகள். சொற்களின் இவ்வுறவு தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஒருவருடைய உழைப்பை மதிப்பிடும்போது, அவரை எந்த அளவுக்கு மதிக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஆறு நாள் எங்கே?

ஒரு வீட்டு வேலைக்கு 30 ஆள்நாள் வேண்டும் என்று பெயிண்டர் ஒருவர் நேர்மையாகக் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். வேறொருவர் குறைத்துச் சொன்னார் என்பதாலோ, வீட்டுக்காரர் விடாமல் கேட்டார் என்பதாலோ, 24 ஆள்நாளுக்குரிய தொகைக்கு அவர் ஒப்புக்கொள்கிறார். சுவர் சுருங்கிவிடவில்லை, வேலையும் குறையவில்லை. எனில், அந்த ஆறு நாள் எங்கே போயிற்று?

ஒன்று, சுவரில் போயிற்று. இரண்டு பூச்சு என்று பேசியது ஒன்றாகிறது. டப்பாவில் குறித்துள்ள அளவுக்கு மேல் தண்ணீர் கலக்கிறது. பட்டி காயும்முன் பிரைமர் ஏறுகிறது. வீட்டுக்காரர் மிச்சப்படுத்தியதாக எண்ணிய பணம் அடுத்த மழையில் சுவரோடு உரிந்து விழுகிறது.

அல்லது, கூலியாளின் பையில் போயிற்று. மேஸ்திரி ஒப்புக்கொண்ட விலையின் சுமை, அந்தப் பேச்சில் பங்கே பெறாத கையாளின் தலையில் இறங்குகிறது. எட்டு மணிநேரம் பத்து மணிநேரமாகிறது. சனிக்கிழமைக் கூலி அடுத்த வாரத்திற்குத் தள்ளிப்போகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்பது இணைச்சட்டம் (24:14-15). பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் புனித யாக்கோபு (5:4).

அல்லது, பாதுகாப்பில் போயிற்று. விலை குறைந்தால் முதலில் கைவிடப்படுவது சாரம். ஏணியின் கடைசிப் படியில் ஒரு கால், சன்னல் மேற்கட்டையில் மறு கால் என்று நிற்கும் இளைஞரை நாம் பார்த்ததில்லையா? பழைய எனாமல் பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய பூச்சுகள் நம் கதவுகளில் இன்னும் உள்ளன. மூக்கை மூட ஒரு கவசம் வாங்கும் காசும் அந்த ஆறு நாளில் அடங்கியிருந்தது. இங்கே பேச்சு ஏழாம் கட்டளையிலிருந்து ஐந்தாம் கட்டளைக்கு வந்துவிடுகிறது.

அல்லது, பெயிண்டரின் சொந்த வீட்டில் போயிற்று. இந்த வேலைக்கு வாங்கிய அட்வான்ஸ் சென்ற வேலையின் பாக்கிக்குப் போகிறது. இவ்வேலையை முடிக்க அடுத்த வேலையின் அட்வான்ஸ் தேவைப்படுகிறது. கடனுக்கு மேல் கடனாக ஒரு குடும்பம் சாய்வது இவ்வாறே.

ஆகவே, பொய்யாகக் கூட்டிய விலை மட்டுமன்று, பொய்யாகக் குறைத்த விலையும் பொய்தான். குறைந்த விலையைக் கேட்டு மகிழ்கிற நாம், அந்தக் குறையை யார் நிரப்புகிறார் என்று கேட்பதில்லை.

இரு பக்கமும் உள்ள கடமை

தொழிலாளர் என்பதாலேயே ஒருவர் நீதிமான் ஆகிவிடுவதில்லை. வாசலில் நிற்கும் காரைப் பார்த்து விலையை ஏற்றுவது, அளவைக் கூட்டி எழுதுவது, ஓதத்தைக் கண்டும் காணாததுபோல் மேலே வண்ணம் பூசிவிடுவது ஆகியவை களவின் வகைகளே. விற்பவர் அறிந்த மறைவான குறையை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அக்குயினாஸ் வலியுறுத்துகிறார். வாங்குபவரின் அவசரம் வாங்குபவருக்குரியது; விற்பவர் தமக்கு நேரும் இழப்புக்கு ஈடு கேட்கலாம், தமக்குச் சொந்தமில்லாத பிறர் தேவையை விற்கலாகாது என்பதும் அவர் வகுத்த நெறி. பொங்கலுக்கு முந்திய வாரம் இரவிலும் வேலை செய்தால் அதற்குக் கூடுதல் கூலி கேட்பது நியாயம். வேறு ஆள் கிடைக்காது என்பதற்காக மட்டும் இருமடங்கு கேட்பது நியாயமன்று. பெயிண்ட் நிறுவனங்கள் பெயிண்டர்களுக்கு டோக்கனோ, கைப்பேசி வழியே புள்ளிகளோ வழங்குவது தொழிலுலகம் அறிந்ததே. தன்னளவில் அது குற்றமன்று. டோக்கனுக்காகத் தேவையற்ற டப்பாவை வாங்க வைத்தால் அது குற்றமாகிவிடுகிறது.

வாங்குபவருக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். நம் பகுதி மரவள்ளி விளையும் பூமி. கிழங்கு ஏற்றிய வண்டியோடு சேகோ ஆலை வாசலில் நிற்கும் உழவருக்கு, மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் விலை சொல்லப்படுகிறது. பட்ட பாட்டுக்கு அது கட்டுப்படியாகாதபோது அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் அறிவோம். ஆலைக்காரர்களும் வணிகரிடம் விலைக்காகத் தவித்தவர்களே. அதனால்தான் 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. விற்கும் இடத்தில் நின்று நியாயம் கேட்கும் அதே நாம், வீட்டுத் திண்ணையில் பெயிண்டரின் முன் அமர்ந்ததும் நியாயத்தை மறக்கிறோம். வாங்கும்போது 'மட்டம், மட்டம்' என்று பழித்துவிட்டு, வாங்கிச் சென்றபின் மலிவாய்க் கிடைத்ததென்று பெருமை பேசுபவரை நீதிமொழிகள் நூல் (20:14) அன்றே படம்பிடித்துக் காட்டிவிட்டது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு அழகு என்று வள்ளுவர் நடுவு நிலைமை பற்றிய அதிகாரத்தில் சொன்னதை, வாங்குவோரும் தமக்குச் சொன்னதாகக் கொள்ளலாம்.

ஒப்புதல் போதுமா?

'அவரே ஒப்புக்கொண்டார், நான் கட்டாயப்படுத்தவில்லையே' என்பது நமக்கு எளிதாகக் கிடைக்கும் மறுமொழி. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் இதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் உரிமையோடு செய்யப்பட்டாலும் அதனினும் பழைமையான இயற்கை நீதி ஒன்று உண்டு. தேவையாலோ அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைக்குத் தலைசாய்க்கும் தொழிலாளர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார் என்று அவர் போதித்தார். 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அப்பெயரைத் தாம் ஏற்றதற்கு முதன்மையான காரணமாக இந்தச் சுற்றுமடலையே சுட்டினார். வீட்டில் அரிசி இல்லாதபோது தலையாட்டுவதைச் சம்மதம் என்று சொல்லிவிட முடியுமா?

திராட்சைத் தோட்ட உவமையின் (மத் 20:1-16) சொற்களைத் தலைப்பாக்கி, ஜான் ரஸ்கின் 1860-இல் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்ற கட்டுரைகளை எழுதினார். வேலைக்கு நிலையான கூலி இருக்கட்டும், திறமையானவரைத் தேர்ந்தெடுங்கள், திறமையற்றவர் பாதி விலைக்கு வந்து நல்ல தொழிலாளியின் இடத்தைப் பிடிப்பதோ, அவரையும் போதாத கூலிக்கு இறக்குவதோ அழிவு தரும் முறை என்பது அவரது வாதம். 1904-இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் சென்ற இரயில் பயணத்தில் அந்நூலைப் படித்த காந்தியடிகளின் வாழ்க்கையே திசைமாறிற்று. உவமையில் வரும் நிலக்கிழார் ஒருவருக்கும் பேசியதில் குறைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பேசிய தெனாரியத்தைக் கொடுத்தது நீதி. கடைசியில் வந்தவருக்கும் அதையே கொடுத்தது தாராளம். நீதியைக் குறைத்துவிட்டுத் தாராளத்தைப் பற்றிப் பேச அவ்வுவமை இடந்தரவில்லை.

அப்படியானால் பணம் குறைவாக உள்ளவர் என்ன செய்வது? கைம்பெண் ஒருவரும், மாதச் சம்பளத்தில் கடனடைக்கும் குடும்பமும் வீட்டை வெளுக்கக் கூடாதா? தாராளமாக வெளுக்கலாம். முன்னறையை மட்டும் இவ்வாண்டு பூசலாம். எமல்ஷனுக்குப் பதில் சுண்ணாம்பு அடிக்கலாம். வெளிச்சுவரை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கலாம். வேலையைக் குறைப்பது சிக்கனம். வேலையை அப்படியே வைத்துக்கொண்டு கூலியை மட்டும் குறைப்பதுதான் அநீதி. ஏழையின் வீட்டிற்குப் பெயிண்டர் தாமாக விரும்பிக் குறைத்துச் செய்தால் அது அவரது ஈகை. ஈகையை அவர் தரலாம், நாம் பறிக்கலாகாது.

இறுதியாக, நம் ஆலயங்களுக்கும் ஒரு சொல். திருவிழாவுக்கு முன் கோவிலுக்கு வண்ணம் பூசப் பங்குப் பேரவை மூன்று கொட்டேஷன்களை வாங்குகிறது. மிகக் குறைந்ததைத் தேர்ந்து, 'கோவில் வேலைதானே, இன்னும் குறையுங்கள்' என்று கேட்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. பொதுப்பணத்தைக் காப்பது பேரவையின் கடமை, ஐயமில்லை. ஆனால் அயலாரிடம் கூலியின்றி வேலை வாங்கி, அகன்ற மாடிகள் கட்டி, கேதுரு மரம் பதித்துச் செந்நிறம் பூசிய யோயாக்கிம் அரசனைப் பார்த்து எரேமியா (22:13-17) ஐயோ என்று கதறினார். உன் தந்தை நீதியோடு நடந்தார், ஏழையின் வழக்கைத் தீர்த்துவைத்தார், என்னை அறிதல் என்பது அதுதானே என்று ஆண்டவர் அவ்விடத்தில் கேட்கிறார். அரண்மனைக்குப் பொருந்தாத செந்நிறம் ஆலயத்திற்கு எப்படிப் பொருந்தும்?

தமிழ்நாட்டில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நம் பங்குகளில் உள்ள பெயிண்டர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று அன்பியக் கூட்டங்களில் கேட்டு உதவுவது நாம் செய்யக்கூடிய எளிய பணி. அதைவிட எளியது இன்னொன்று. வரும் மார்கழியில் பெயிண்டர் திண்ணையில் அமர்ந்து தாளை நீட்டும்போது, 'எவ்வளவு குறைப்பீர்கள்?' என்பதற்கு முன், 'எத்தனை ஆள், எத்தனை நாள், ஆளுக்கு என்ன கூலி?' என்று கேட்போம். விடையைப் பொறுமையோடு கேட்டபின் பேரம் பேசுவோம். அப்போது நாம் பேசும் விலை, அந்தச் சுவரில் ஏறி நிற்கப்போகும் மனிதரையும் கணக்கில் கொண்டதாக இருக்கும்.