விசில் ஊதாத பத்து நிமிடம்

வடசென்னையில், வியாசர்பாடிப் பக்கம், பந்து உருளாத மாலை கிடையாது. அங்கே வளரும் பிள்ளையின் வாயில் கோல், ஃபவுல், கார்னர், பெனால்டி, ஆஃப்சைடு, த்ரோ, ரெஃப்ரி எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்லித் தந்ததில்லை. அதே பிள்ளை ஆங்கில வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. சொற்கள் போதாததால்தான் இந்த மௌனம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது, அதைக் கேட்க ஓர் ஆளும் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்த அறையில் அதற்குப் பிறக்கவில்லை.

*

பெயர்ச்சொற்கள் கைவசம் இருக்கின்றன. வினைகள்தாம் குறை. டேக் எ கார்னர், மிஸ் எ சான்ஸ், சேவ் எ பெனால்டி என்று எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் மறுநாளே போய்விடுகிறது. அதனால் என் ஆங்கில வகுப்பில் ஓர் ஆட்டத்தின் இரண்டு நிமிடத்தை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, வர்ணனையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். ஓடும் பந்தைத் துரத்திக்கொண்டு நாக்கும் ஓடவேண்டும். வினை இல்லாமல் வாக்கியம் முடியாது. "மிஸ், தட்டிவிட்டுட்டான்னு எப்படிச் சொல்றது?" என்று பாதியில் கேட்கிறார்கள். அவர்களாகக் கேட்டு வாங்கிய அந்தச் சொல் அடுத்த வாரமும் இருக்கிறது.

*

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் கால் இறுதி. உருகுவேயும் கானாவும் 1-1. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்து உள்ளே போகிற நேரத்தில், கோல் கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரஸ் அதைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. சற்றுப் பொறுத்து நடந்த ஷூட்அவுட்டில் அதே கியான் கானாவின் முதல் ஆளாக வந்து கோல் போட்டார். எத்தனை பெரிய மனவலிமை அது! ஆனாலும் உருகுவே 4-2 என வென்றது.

சுவாரஸ் செய்தது தப்பா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. விதி ஒன்றும் உறங்கிவிடவில்லை. சொன்ன தண்டனை முழுதாகக் கிடைத்தது. பிறகும் மனம் ஆறவில்லை என்றால் ஏன்? இதோடு இன்னொரு கையையும் காட்டுகிறேன். 2000 டிசம்பரில் எவர்ட்டன் கோல்கீப்பர் அடிபட்டுக் கீழே கிடந்தபோது, வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோ தன்னை நோக்கி வந்த பந்தை கோலுக்குள் அடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டார். அதுவும் ஹேண்ட்பால்தான். ஃபிஃபா அவருக்கு நேர்மைக்கான விருது கொடுத்தது. இரண்டு கைகளையும் அருகருகே வைத்தபிறகு வகுப்பு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சீட்டிங், ஃபேர், சாக்ரிஃபைஸ் என்ற சொற்கள் அப்போது உடனே தேவைப்படுகின்றன.

கியான் மட்டும் அந்த பெனால்டியைப் போட்டிருந்தால், அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி கானாவாக இருந்திருக்கும். அந்தப் பெருமை 2022 டிசம்பரில், போர்ச்சுகலை 1-0 என வென்ற மொராக்கோவுக்குப் போனது. 'இஃப் ஹி ஹேட் ஸ்கோர்ட்' என்று தொடங்கும் வாக்கியத்தைப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஆதங்கத்தோடு சொல்கிறார்கள். இலக்கணப் பயிற்சித் தாளில் அதே அமைப்பை நிரப்பும்போது அந்த ஆதங்கம் இருப்பதில்லை.

*

இப்படி வாதம் சூடுபிடிக்கும்போது கத்துவது எளிது. கேட்பதுதான் பழகவேண்டியது. எதிரில் இருப்பவர் சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லி, 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அவர் தலையாட்டியபிறகே பதில் தரவேண்டும் என்று வைத்திருக்கிறேன். பாதி நேரத்தில், ஆட்டத்தில் போலவே, பக்கம் மாறவேண்டும்: சுவாரஸைத் திட்டியவர் இப்போது அவருக்காக வாதாடவேண்டும். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களில் சிலருக்கு, தாம் எதிர்த்த கட்சியிலும் ஒரு நியாயம் உண்டு என்பது பேசப் பேசத் தெரியவரும். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை விடாமல் நடத்துகிறேன்.

பிழைகளை என்ன செய்வது? ரெஃப்ரியிடம் கற்றுக்கொள்ளலாம். ஃபவுல் நடந்தாலும், ஆட்டத்தை ஓடவிடுவதே பாதிக்கப்பட்ட அணிக்கு நல்லது என்றால் அவர் விசில் ஊதுவதில்லை. கைகளை முன்னே நீட்டி அட்வான்டேஜ் காட்டுவார். பிள்ளை 'ஹி ஹேவ்' என்று தொடங்கினாலும் வாதம் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. குறித்து வைத்துக்கொள்கிறேன். திருத்தம் கடைசியில், யார் பெயரும் சொல்லாமல்.

*

கால்பந்து என்றதும் ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. சிறுமிகள் பலர் பின் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு முன்னால் வேறொரு கதையை வைக்கிறேன். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண சுமார் 53,000 பேர் திரண்டார்கள். மறு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் சங்க மைதானங்களில் அவர்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. இதைப் படித்தபிறகு வகுப்பில் முதலில் எழும் குரல் பின் பெஞ்சிலிருந்து வரும். கடலூரிலிருந்து இந்திய அணிவரை போன இந்துமதி கதிரேசனின் பெயரை அவர்களே இழுத்து வருவார்கள்.

*

பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து கால்பந்து வழி ஆங்கிலப் பாடங்களை உருவாக்கியிருக்கின்றன. காதால் கேட்டுப் பழக அவை நல்லவை. பேச்சு மட்டும் உங்கள் அறையில்தான் நடக்கவேண்டும். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நண்பர்களே, வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் சிவப்பு மையைத் தொடாதிருங்கள்.