எல்லைக்கோடும் அறமும்

தீமை பரவாமல் தடுப்பது அறமே. ஆயினும், தடுத்த அளவில் நம் கடமை தீர்ந்துவிடுமோ? அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

அந்நாட்டின் மேற்குப் பெருநிலத்தில், 36 பாகை 30 கலை அட்சக்கோட்டிற்கு வடக்கே, மிஸ்ஸூரி மாநிலம் நீங்கலாக, அடிமை முறை கூடாதென 1820-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. 1854-இல் கான்ஸாஸ், நெப்ராஸ்கா என்னும் நிலப்பகுதிகளை அமைத்த சட்டம் அத்தடையை நீக்கிற்று. அடிமை முறை வேண்டுமா வேண்டாவா என்பதை அங்குக் குடியேறுவோரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தை முன்னின்று நடத்திய ஸ்டீபன் டக்ளஸின் கொள்கை. கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றும். ஆனால், எவருடைய உடலும் உழைப்பும் விலைபேசப்பட்டனவோ, அவருக்கு அங்கே வாக்கில்லை! பிறனுடைய விடுதலையைத் தம்முள் எண்ணிக்கை பார்த்து முடிவு செய்யும் உரிமை எப்பெரும்பான்மைக்கும் இல்லை.

வடபகுதிக் குடிமக்கள் இதனை உணர்ந்தனர். ஊர்தோறும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. மசோதா சட்டமாகுமுன்னரே, நியூ இங்கிலாந்துப் பகுதியின் கிறிஸ்தவ குருமார் 3,050 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் செனட் சபையை அடைந்தது. சட்டம் நிறைவேறிய பின்னர், அடிமை முறையை வெறுத்தோர் பலர் கான்ஸாஸிலேயே சென்று குடியேறினர். அவர்கள் போற்றத்தக்கவர்களே.

எனினும், மற்றொன்றையும் மறைக்கலாகாது. 1855 டிசம்பரில், அடிமை முறையை விலக்கிய டொபீகா அரசியலமைப்பை அவர்கள் வாக்களித்து ஏற்றனர். அதே வேளையில், கறுப்பின மக்கள் அங்குக் குடியேறலாகாது என்னும் விதியும் தனியே வாக்கிற்கு விடப்பட்டது. அதனை ஆதரித்தவர் 1,287 பேர்; எதிர்த்தவர் 453 பேரே. அடிமைத்தனமும் வேண்டா, அடிமைப்பட்ட இனத்தவரும் வேண்டா என்பதே பெரும்பாலோர் கருத்தாயிற்று. தம் நிலத்தையும் தம் கூலியையும் காத்துக்கொள்ளும் எண்ணம் பலரிடம் மேலோங்கி நின்றது.

அதனால் அவர்கள் செய்த செயல் பயனற்றதாகிவிடுமா? ஆகாது. 1861-இல் கான்ஸாஸ் அடிமையற்ற மாநிலமாக ஒன்றியத்திற் சேர்ந்தது. அம்மண்ணில் அடிமைச் சந்தை வேரூன்றவில்லை. நோக்கம் குறைபட்டிருப்பினும் நன்மை நன்மையே. ஆனால், 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அடிமைகளாய் இருந்தவர் 32 இலட்சம் பேர். புதிய நிலத்தின் வாயிலை அடைத்ததனால் மட்டும் அவர்தம் விலங்கு கழன்றுவிடவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தினாலேயே அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது.

அயலான் வீட்டுத் தீ தன் கூரையில் பற்றாமல் நீர் தெளிப்பவன் அறிவுடையவன். எரியும் வீட்டினுள் இருப்பவரின் குரல் கேட்டும் அவன் தன் வாயிற்படியிலேயே நின்றுவிடுவானாயின், அவனை அறவோன் என்று எங்ஙனம் அழைப்பது?

அநீதியை எதிர்க்கப் புகும் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுவே: நான் காக்க விரும்புவது என் எல்லையையா, அல்லது துன்புறும் மனிதனையா? அந்த 453 பேர் தோற்றார்கள். ஆயினும், இக்கேள்விக்கு நேரிய விடை அளித்தவர்கள் அவர்களே.