பழைய டர்போவும் அளவை நூலும்

கண்ணுக்கு எட்டாத ஒன்றைப் பிறர் சொல்லை நம்பி ஏற்க மனிதனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற வினா, சமய நூல்களில் பெரும்பாலும் வேதத்தையும் ஆகமத்தையும் முன்னிட்டே எழுகிறது. ஆயினும் பிழையற்ற அறிவு எந்த வாயில்களால் கிடைக்கிறது என்று ஆராய்ந்த அளவை நூலார், மலைமேல் தோன்றும் புகை, ஆற்றங்கரையில் கிடக்கும் பழம், மருத்துவர் தரும் மருந்து என்று அன்றாட வாழ்விலிருந்தே சான்றுகளை எடுத்தனர். அம்மரபை ஒட்டி, திருவனந்தபுரத்தில் வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே கார் எஞ்சின் ஒன்றைக் கட்டும் ஒருவர் குறைந்த விலையில் பழைய டர்போசார்ஜர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செயலையும் அவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம்.

டர்போசார்ஜர் என்பது எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையால், உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் இதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். புகைப்பக்கச் சக்கரமும் காற்றுப்பக்கச் சக்கரமும் ஒரே ஷாஃப்ட்டின் இரு முனைகளில் அமைந்துள்ளன. சிறிய கார்களின் டர்போவில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டக்கூடும். அவ்வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது, பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே எஞ்சின் ஆயில் அமைக்கும் மெல்லிய படலமே. முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஆயிலை உரிய காலத்தில் மாற்றினாரா, நீண்ட ஏற்றம் ஏறிவந்த சூட்டிலேயே எஞ்சினை அணைத்து உள்ளே நின்ற ஆயிலைக் கருகவிட்டாரா என்பனவெல்லாம் பேரிங்கின் முகத்தில் பதிந்துவிடுகின்றன. ஆனால் அம்முகம் உறைக்குள் மறைந்திருக்கிறது.

காண்டல் ஒன்றே அளவை, அதாவது பிழையற்ற அறிவின் வாயில், என்ற உலோகாயதர், இங்கே முதலடியிலேயே நின்றுவிடுவர். காற்றுச் சக்கரத்தின் இதழ் நுனிகள் மழுங்கியுள்ளனவா, உறையின் உட்சுவரில் இதழ் உரசிய கீறல் உண்டா, புகைப்பக்க உறையில் வெடிப்பு ஓடியுள்ளதா என்பவற்றைக் கண் காட்டும். பேரிங்கின் நிலையை அது காட்டாது. எனவே கருதல், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல், தேவைப்படுகிறது. மணிமேகலைக் காப்பியம் இதற்கு நல்ல துணை. சேர நாட்டு வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்பதைச் சொல்லும் அந்நூல், பின்னர்ப் பௌத்த அளவையை விரிக்கும்போது, ஏதுப் போலிகளுள், அதாவது காரணம் போலத் தோன்றிப் பிழைபடுவனவற்றுள், ஒன்றாக அநைகாந்திகத்தைக் கூறுகிறது. நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் நிறுவமாட்டாத ஏது என்பது அதன் பொருள். ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆடுகிறது, ஆகவே தேய்ந்தது என்று முடிவு கட்டுவது இத்தகைய போலியே. ஆயில் படலத்துக்கென விட்ட இடைவெளியால், நல்ல பேரிங்கிலும் ஆயில் வற்றிய நிலையில் சிறிது பக்கவாட்டு ஆட்டம் இருக்கவே செய்யும். மாறாக, மெக்கானிக்குகள் ‘எண்ட் பிளே’ என்று கூறும் நீளவாக்கு ஆட்டம் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டால், நீளவாக்கு விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்தது என்ற கருத்து உறுதிப்படும். காற்று வெளியேறும் வாயில் ஆயில் கசிந்திருப்பதும் ஐயத்துக்குரிய ஏதுவே. பழைய எஞ்சினின் கிரேங்க்கேஸ் ஆவியிலிருந்தும் அது வந்திருக்கக்கூடும்.

இதனினும் நுட்பமானது இன்மையை அறியும் அறிவு. நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, வேத விளக்க நெறியான மீமாம்சையின் பாட்ட மரபில் நின்று ‘மானமேயோதயம்’ என்ற நூலின் அளவைப் பகுதியை இயற்றினார். பாட்டர் கொள்ளும் ஆறு அளவைகளுள் கடைசியானது அனுபலப்தி, அதாவது காணாமையைக் கொண்டு இன்மையை அறிதல். அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இதை அபாவம் என்று எண்ணி, இறுதியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கிவிடுகிறது. தனி அளவையோ அன்றோ, அதற்குப் பாட்டர் விதித்த நிபந்தனை மிகவும் கூர்மையானது: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற சூழலில் மட்டுமே காணாமை இன்மையை நிறுவும். இருட்டறையில் குடம் தெரியாததால் குடம் இல்லை என்று ஆகாது. பழைய டர்போ விற்கும் கடைக்காரர் டீசல் ஊற்றிக் கழுவிப் பளபளப்பாக வைத்திருக்கும் டர்போவில் ஆயில் கசிவு தெரியவில்லை என்றால், அந்தக் காணாமை எதற்கும் சான்றாகாது. கழுவாமல் புழுதியோடு கிடக்கும் டர்போவின் உலர்ந்த வாய்க்கே அச்சான்றுத் தகுதி உண்டு. விலை ஒன்றாக இருக்குமானால் அழுக்கானதை வாங்குவதே அறிவுடைமை.

ஒப்பு, அதாவது ஒற்றுமையைக் கொண்டு அறிதல், என்னும் அளவை இவ்விடத்தில் எளிதில் ஏமாற்றும். ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் எஞ்சின் இந்தியாவில் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ எனப் பல கார்களில் ஓடியதால் அதன் சிறிய டர்போவைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. கொள்ளளவு ஒத்திருந்தால் அது பெட்ரோல் எஞ்சினுக்கும் ஒத்துவரும் என்று தோன்றும். ஆனால் டீசல் எஞ்சினின் புகை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, பெட்ரோல் எஞ்சினின் புகை முழுச் சுமையில் 900 பாகையையும் கடந்துவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகத்தில் செய்யப்படாத சக்கரமும் உறையும் நெடுநாள் நில்லா.

எஞ்சியது உரை, அதாவது பிறர் சொல்லால் அறிதல். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, விபத்தில் சிக்கியதா, ஆயில் இன்றி ஓடி எஞ்சின் இறுகியதால் கழற்றப்பட்டதா என்பவற்றைக் கடைக்காரர் சொன்னாலன்றி அறிய வழியில்லை. அளவை நூலான நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த விரும்புபவனே ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன் என்றும், இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் கூறுகிறார். இந்திய மெய்யியலின் பெருந்தன்மை மிக்க இடங்களுள் இதுவும் ஒன்று. பிறப்பையும் பட்டத்தையும் விட்டுவிட்டு, அறிவையும் நேர்மையையும் மட்டுமே அது கேட்கிறது. வேதத்தின் நம்பகத்தை நிறுவும் இடத்திலும் நியாய சூத்திரம், பயனால் சோதிக்கத்தக்க மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் காட்டி, அவற்றைச் சொன்ன ஆப்தரின் சொல் சோதிக்க இயலாத இடத்திலும் செல்லும் என்கிறது. மீமாம்சகர் வேதத்துக்கு ஆசிரியனே இல்லை என்று கூறி இச்சோதனையைத் தவிர்க்கின்றனர். ஆனால் மனிதச் சொல்லில் ஆசையும் மறதியும் புகும் என்பதை அவர்களும் ஒப்புவதால், கடைவாசலில் நியாயத்தாரின் வழியே பயன்படுகிறது. வாங்குபவர் தாம் முன்பே சோதித்து அறிந்த ஒரு குறையைப் பற்றிக் கடைக்காரரிடம் வினவி, அவர் அதை மறைக்காமல் சொன்னால், சோதிக்க முடியாதவற்றிலும் அவர் சொல்லை ஏற்கலாம்.

இவ்வளவு சோதனைக்குப் பிறகு எஞ்சின் ஓடத் தொடங்கும்போது, வாங்கியவரே சொல்பவர் ஆகிவிடுகிறார் என்பது பலர் கவனிக்காத உண்மை. பதிவுச் சான்றிதழ், சாலையில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவர்களுக்கு அவ்வண்டியைப் பற்றி அதன் உரிமையாளர் தரும் உரை. அதை நம்பியே அவர்கள் வண்டிக்கு அருகே நடக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அத்தடையை உறுதி செய்தது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்றி, பிறரிடம் எதிர்பார்த்த ஆப்தத் தன்மையைத் தாமும் காக்க வேண்டும் என்பதாலும், வீட்டில் டர்போ பூட்டிய எஞ்சினைச் சோதனை மேடையிலோ மூடிய பந்தயத் தடத்திலோ மட்டும் ஓட்டுவதே முறை. பொதுச் சாலைக்கு அதைக் கொண்டுவருதல் தவறு.