பிழை யார் பக்கம் சாய வேண்டும்?

போன வைகாசியில் ஆலங்காயத்தில் எங்கள் மாமா வீட்டுக் கல்யாணம். மாமாவின் பெரிய மகன் துபாயிலிருந்து வந்திருந்தான். கையில் கனமான எஃகு வாட்ச். கறுப்பு முகப்பு, அதைச் சுற்றி எண்கள் பொறித்த வளையம். கடலுக்குள் 300 மீட்டர் ஆழத்தைத் தாங்கும் என்றான். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "இங்க ஏது கண்ணு கடலு? ஏரியே காஞ்சி கெடக்குது" என்றார். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, "ஒரு ஸ்டைலுக்குத்தான் அத்த" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் அதை வாங்கிப் பார்த்தேன். வளையத்தை வலப்பக்கம் திருப்பினேன், அசையவில்லை. இடப்பக்கம் திருப்பினேன், டிக் டிக்கென்று நகர்ந்தது. "ஒரு பக்கந்தான் சுத்தும்" என்றான். ஏன் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காரணம் இத்தனை மாதங்களாக என்னை விடவில்லை.

காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்குபவர், இறங்கும் நொடியில் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பார். அதன் பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ, அத்தனை நிமிடங்கள் கழிந்துவிட்டன. உருளையில் இருக்கும் காற்று எவ்வளவு நேரம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் மேலே வந்தாக வேண்டும். கீழே பாறையில் கை இடித்து வளையம் நகர்ந்துவிட்டால்? அது கடிகார முள் போகும் திசைக்கு எதிராக மட்டுமே நகரும். அப்போது 30 நிமிடம் ஆகியிருந்தால் 35 என்று காட்டும். அவர் ஐந்து நிமிடம் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். கொஞ்ச நேரம் மீன் பார்ப்பது குறையும், அவ்வளவுதான். வளையம் மறுபக்கமும் சுழலக்கூடியதாக இருந்தால், 30 நிமிடத்தை 25 என்று காட்டவும் வாய்ப்புண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விடும்.

இதைச் செய்தவர்கள் பிழையே வராத கருவியைச் செய்ய முயலவில்லை. பிழை வரும் என்று ஒப்புக்கொண்டார்கள். வரும்போது அது யார் பக்கம் சாய வேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள். போட்டிருப்பவரின் உயிர் பக்கம் என்று முடிவு செய்து, அந்த முடிவை இரும்பில் பல்லாக வெட்டி வைத்தார்கள். இது பொறியியல் என்பதைவிட அறம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கைக்கடிகாரத்தின் கதையே பெண்ணின் மணிக்கட்டில் தொடங்கியதுதான். 1810-இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, பாரிஸின் பிரெகேயிடம் கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொன்னார். அந்த நூற்றாண்டு முழுக்க ஆண்கள் சங்கிலி கோத்த கடிகாரத்தைப் பையில் வைத்துக்கொண்டார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று ஒதுக்கினார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் பைக்குள் கைவிட்டு மணி பார்க்க முடியவில்லை என்றபோதுதான் அது அவர்கள் கைக்கு ஏறியது. ஏறியபின் அது வீரத்தின் சின்னமாகிவிட்டது. 1953-இல் பிளாங்க்பெய்னும் ரோலெக்ஸும் முக்குளிப்பவர்களுக்கான வாட்ச்களைக் கொண்டுவந்தன. 1963-இல் மெக்சிகோவின் சாலைப் பந்தயத்தின் பெயரில் ஹாயர் 'கரேரா'வும், அமெரிக்காவின் பந்தயத் தடத்தின் பெயரில் ரோலெக்ஸ் 'டேடோனா'வும் வந்தன. இன்று அவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடலிலும் இறங்குவதில்லை, பந்தயத்திலும் ஓட்டுவதில்லை. ஆபத்தை நெருங்காமலே ஆபத்தின் அடையாளத்தை அணிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தப் பெருமைக்கு முதலில் உடலைக் கொடுத்தது ஒரு பெண். மெர்சிடிஸ் க்ளைட்ஸ், லண்டனில் தட்டச்சு வேலை பார்த்தவர். 1927 அக்டோபர் 7 அன்று 15 மணி நேரத்துக்கும் மேல் நீந்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர். சில நாட்களில் வேறொரு பெண் தானும் கடந்ததாகச் சொல்லி, பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். உடனே சந்தேகம் மெர்சிடிஸ் மீதும் விழுந்தது. ஒருவர் சொன்ன பொய்க்கு மற்றவர் மீண்டும் கடலில் இறங்கி நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் 21-ஆம் தேதி, இன்னும் குளிர்ந்துவிட்ட நீரில், ரோலெக்ஸின் புதிய நீர்புகா வாட்ச்சைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். பத்து மணி நேரத்துக்கும் மேல் போராடியபின், கரை சேருமுன்னே படகில் தூக்கிவிட்டார்கள். வாட்ச் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் லண்டன் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் வாட்ச்சின் வெற்றி விளம்பரமாக வந்தது. அன்று யாரோ செய்த பிழை அவர் பக்கம் சாய்ந்தது, வெற்றி வாட்ச்சின் பக்கம் போனது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். அம்மா 22 வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தார். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடிந்ததும் விடியாததுமாய் வேன்களில் பெண்கள் போவதை ஆலங்காயத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அம்மாவின் கம்பெனியில் எட்டரைக்கு கேட் மூடும். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போச்சு. ஒருநாள் கம்பெனி அனுப்பிய வேனே வழியில் பஞ்சர். வேனில் வந்த எல்லோருக்கும் அரை நாள் வெட்டினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். பையைச் சோதித்து வெளியே விட இருபது நிமிடம் வரிசையில் நிற்க வேண்டும். அந்த இருபது நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை. அங்கேயும் ஒரு பக்கம் மட்டும் சுழலும் வளையம் இருந்திருக்கிறது. அது சாய்ந்த பக்கம்தான் வேறு.

அது சட்டப்படியும் தவறு என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது. வராத நேரம் எவ்வளவோ, அந்த விகிதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் சொன்னது. பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடக் கூலியைத்தான் பிடிக்கலாம். தெரிந்திருந்தாலும், அடுத்த நாள் வேலை இருக்குமா என்ற பயத்தில் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

பந்தய வாட்ச்சில் 'டேக்கிமீட்டர்' என்ற எண் வரிசை ஒன்று விளிம்பில் இருக்கும். ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், 30 வினாடி ஆகியிருந்தால் முள் 120-ஐக் காட்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். அதே எண் வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு அப்பர் தைக்க 45 வினாடி ஆனால் முள் 80-இல் நிற்கும். மணிக்கு 80 உருப்படி. காரின் வேகத்தை அளக்கும் கருவியே கையின் வேகத்தையும் அளக்கும். பந்தயக்காரரின் ஸ்டாப் வாட்ச்சும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பிரெடரிக் டெய்லர் தொழிலாளர்களின் அசைவுகளை அளந்த ஸ்டாப் வாட்ச்சும் ஒரே குடும்பம்தான். பந்தயக்காரர் தன் வேகத்தைத் தானே அறிந்துகொள்ள அளக்கிறார். கம்பெனியில் சூப்பர்வைசர் அளக்கிறார். அங்கே ஒருத்தி கஷ்டப்பட்டு ஒருநாள் எட்டிய வேகம், மறுநாள் எல்லோருக்கும் குறைந்தபட்ச இலக்காகிவிடுகிறது.

வீட்டிலிருந்து செய்யும் வேலையிலும் கதை இதுதான். பீடி சுற்றும் அத்தைமார்களைக் கேட்டால் சொல்வார்கள். சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. இலை மோசமாக இருந்தது யாருடைய பிழை என்று யாரும் கேட்பதில்லை.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர் வானோக்கு நிலையம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக் கடப்பதை அங்கே அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி சில வினாடிகள் மங்கியது. கருவிக் கோளாறு என்று அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. எழுதி வைத்தார்கள், ஏன் என்று கேட்டார்கள். அன்று வெவ்வேறு இடங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது. மேலே சில வினாடி ஏன் குறைந்தது என்று கேட்கத் தெரிந்த சமூகம்தான் நாம். கீழே பத்து நிமிடம் ஏன் தாமதம் என்று ஒரு பெண்ணிடம் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

கேட்டிருந்தால் பதில் எளிது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிடம். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கேட்டுக்கு உள்ளே செய்யும் வேலை போக, பெண் வீட்டிலும் ஒரு ஷிப்டில் பாதியைச் செய்கிறாள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒருவர் வராவிட்டால் வரிசையாகத் தைக்கும் அத்தனை பேரின் வேலையும் நிற்கும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் கம்பெனி எப்படி ஓடும் என்பார்கள். உண்மைதான். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைவிங் வாட்ச்சின் கட்டுப்பாட்டைவிடக் கடுமையானது இல்லை, மீறினால் மரணம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு யாரைக் காப்பதற்கு என்று அதற்குத் தெரியும். பல லட்சம் ரூபாய் விலையுள்ள மெக்கானிக்கல் வாட்ச்சுக்கே நாம் எவ்வளவு சலுகை கொடுக்கிறோம் பாருங்கள். நாளொன்றுக்குச் சராசரி 4 வினாடி பின்தங்கலாம், 6 வினாடி முந்தலாம். அதற்குள் இருந்தால் 'க்ரோனோமீட்டர்' என்று ஸ்விட்சர்லாந்தில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சில நூறு ரூபாய் பேட்டரி வாட்ச் இதைவிடச் சரியாக ஓடும். சுருள்வில்லும் பற்சக்கரமும் குளிர், வெயில், கை அசைவு எல்லாவற்றையும் தாங்கி ஓடுவதால் இந்தப் பிழை இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல், தண்ணீர் வரவில்லை, வேன் பஞ்சர் என்று எல்லாவற்றையும் தாங்கி ஓடிவரும் பெண்ணுக்கு அந்த இயல்பை ஏன் மறுக்கிறோம்?

மாமா மகன் மீது எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் உழைத்த காசில் வாங்கினான். அந்த வாட்ச் எனக்கும் பிடித்திருந்தது. ஆடம்பரம் பாவம் என்று சொல்லவும் நான் வரவில்லை. அக்கறைக்காகச் செய்த ஒரு பொருளை நாம் துணிச்சலின் பதக்கமாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். 2017-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. நடிகரும் கார் பந்தயக்காரருமான பால் நியூமேனின் வாட்ச் அது. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் மனைவி, நடிகை ஜோன் வுட்வர்ட். பின்பக்கம், வண்டியைப் பார்த்து ஓட்டும்படி தன் கணவருக்கு ஒரு வரி பொறித்துக் கொடுத்திருந்தார். உலகம் அதைப் பந்தயக்காரரின் வாட்ச் என்றே கொண்டாடுகிறது. அந்தப் பின்பக்கத்தைப் பொறித்தவள், வீட்டில் காத்திருந்த ஒருத்தி.

நம் நாட்டிலும் கடலில் மூழ்கும் பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் கரையில், மன்னார் வளைகுடாவில், கடல்பாசி எடுக்கும் பெண்கள். காற்று உருளை இல்லை, வாட்ச் இல்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குகிறார்கள். எப்போது மேலே வருவது என்று நெஞ்சுதான் சொல்கிறது. பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். கணக்கு கொஞ்சம் தப்பினாலும் அது கடலின் பக்கமும் நாளைய கூலியின் பக்கமும் சாயட்டும் என்பது அவர்கள் முடிவு. அளக்கும் அதிகாரம் தங்கள் கையில் இருந்தபோது பெண்கள் எந்தப் பக்கம் சாய்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு அந்த அதிகாரம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மீது மட்டும்தான் இருந்தது. அதை அவர் பத்து நிமிடம் முன்னால் ஓட வைத்தார். இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வாட்ச் செய்தவர்கள் பல்சக்கரத்தில் வைத்த பாதுகாப்பை அம்மா தன் தூக்கத்திலிருந்து எடுத்து வைத்தார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வருடத்துக்கு 300 நாள், 22 வருடம். கணக்குப் போட்டால் 1,100 மணி நேரம். அதை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. தர வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை.

வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. கல்யாணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, வளையத்தின் கதையை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். "இப்பவாச்சும் சரி பண்ணிடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் எறங்கு" என்றார் அம்மா. "மருமவ வேலைக்குப் போறா இல்ல."